உரோம நீக்கமும் பச்சை நீக்கமும்: லேசர் சிகிச்சையில் நோவின் அளவு

பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாயிலில் அமைந்த சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் முதலிய ஊர்களிலும், இடுக்கி மலையில் தேவிகுளம், மறையூர், வண்டிப்பெரியாறு, குமுளி ஆகிய பகுதிகளின் தோட்டங்களிலும் தமிழ் பேசும் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. அக்குடும்பங்களின் மூத்த பெண்களது முன்கையில் கோலமோ தேளோ பெயரோ பச்சையாகக் குத்தப்பட்டிருப்பதை இன்றும் காணலாம். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் மின்னூசியால் குத்திக்கொள்கின்றனர். சில ஆண்டுகள் சென்றபின், பெரும்பாலும் வேலைவாய்ப்பை முன்னிட்டு, அதனை அழிக்க விரும்புவோரும் அவர்களுள் உளர். மற்றொருபுறம், முகத்தில் மிகுதியாக உரோமம் வளர்வதால் பள்ளிக்கு வரவே கூசும் மாணவியரும் உண்டு. இவ்விரு சாராருக்கும் லேசர் என்னும் ஒரே பெயரே சொல்லப்படுகிறது. சுகாதார ஊழியரிடமும் ஆசிரியரிடமும் அவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, "வலிக்குமா?" என்பதே.

வலிக்கும். இரண்டில் பச்சை நீக்கமே பெரும்பாலோருக்கு மிகுந்த நோவைத் தருகிறது. ஆயினும் இவ்விடை முழுமையானதன்று. நோவின் தன்மை, அது நீடிக்கும் காலம், அடுத்தடுத்த அமர்வுகளில் அது குறைகிறதா என்பன இரண்டிலும் வேறுபடுகின்றன. இதன் காரணம் ஒளி தாக்கும் பொருளின் பருமனிலும் அது தாக்கும் கால அளவிலும் அடங்கியுள்ளது.

லேசர் ஒளியை முதன்முதலில் 1960-இல் தியோடர் மைமன் என்னும் அமெரிக்க விஞ்ஞானி மாணிக்கப் படிகத்தின் துணையால் தோற்றுவித்தார். சில ஆண்டுகளுக்குள்ளாகவே லியோன் கோல்ட்மன் என்ற தோல் மருத்துவர் அதனைப் பச்சை அடையாளங்களின் மீது செலுத்திப் பார்த்தார். ஆனால் சுற்றியுள்ள தோலைக் கெடுக்காமல் நிறப்பொருளை மட்டும் தாக்குவதற்கான விதியை ராக்ஸ் ஆண்டர்சன், ஜான் பாரிஷ் ஆகிய இருவரும் 1983-இல் வகுத்துரைத்தனர். இலக்குப் பொருள் நன்கு உறிஞ்சும் நிறத்தில் ஒளி இருத்தல் வேண்டும். அப்பொருள் தன் வெப்பத்தைச் சுற்றுப்புறத்துக்கு இழக்கும் முன்னரே ஒளித்துடிப்பு முடிந்துவிடவும் வேண்டும். இதுவே அவ்விதியின் சாரம்.

முதற்பகுதியை வகுப்பறையிலேயே விளக்கலாம். வெள்ளைத் தாளில் மையினால் ஒரு கரும்புள்ளி இட்டு, உருப்பெருக்கிக் கண்ணாடியால் சூரிய ஒளியை அதன்மேல் குவித்தால் புள்ளி முதலில் கருகும். வெள்ளைப் பகுதி நெடுநேரம் தாங்கும். இரண்டாம் பகுதிக்குச் சமையலறையே சான்று. தாளித்த கடுகு அடுப்பிலிருந்து இறக்கிய சிறிது நேரத்தில் ஆறிவிடுகிறது. வேகவைத்த மரவள்ளிக்கிழங்கோ வெகுநேரம் கையைச் சுடுகிறது. சிறிய பொருள் விரைவில் வெப்பத்தை இழக்கும். பெரியது மெதுவாக இழக்கும்.

உரோம வேர் இங்கு கிழங்கை ஒத்தது. அதன் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு அளவினதாகலின், அது ஆறுவதற்குப் பல்லாயிரத்தில் ஒரு பங்கு வினாடி போதாது. பத்து முதல் நூறு மில்லிவினாடி வரை ஆகும். ஆகவே உரோம நீக்கத்தில் சில மில்லிவினாடிகள் நீடிக்கும் துடிப்புகளே பயன்படுகின்றன. பச்சையின் கரித்துகளோ கடுகினும் நுண்ணிய பொடி. அது ஆறும் காலம் ஒரு வினாடியின் நூறு கோடியில் சில பங்கேயாம். எனவே அதற்கு நானோவினாடி அளவிலும், அண்மைக்காலக் கருவிகளில் அதனினும் குறுகிய பிக்கோவினாடி அளவிலும் துடிப்புகள் வேண்டப்படுகின்றன.

இதன் விளைவை ஓர் எளிய கணக்கினால் உணரலாம். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 20 ஜூல் ஆற்றலை 20 மில்லிவினாடியில் செலுத்தினால், அதன் திறன் 1,000 வாட் ஆகும். பச்சைக்கு 4 ஜூல் மட்டுமே செலுத்துவதாகக் கொள்வோம்; அதனை 10 நானோவினாடிக்குள் செலுத்துவதால் திறன் 40 கோடி வாட் ஆகிவிடுகிறது. ஆற்றல் ஐந்தில் ஒரு பங்கு. திறனோ நான்கு இலட்சம் மடங்கு. முன்னது சூடு, பின்னது அடி. பச்சைத் துகள் திடீரென விரிந்து நொறுங்குகையில் அதனைச் சூழ்ந்த திசுவில் அதிர்ச்சி அலையும் நீராவிக் குமிழிகளும் தோன்றுகின்றன. ஒளி பட்ட இடம் நொடிப்பொழுதில் வெண்மையாகப் பூப்பது இக்குமிழிகளாலேயே. அது பத்துப் பதினைந்து நிமிடங்களில் மறையும். அதனைத் தோல் வெந்துவிட்டதெனக் கருதி அஞ்ச வேண்டுவதில்லை. கருவியினின்று எழும் 'டப் டப்' என்ற ஒலியும் முதன்முறை வருவோரைத் திடுக்கிடச் செய்யும். அச்சம் நோவை மிகுவிக்கும் ஆதலின் இதனை முன்கூட்டியே சொல்லிவைப்பது நன்று.

தோலிலுள்ள நோவு நரம்புகளின் முனைகள் ஏறத்தாழ 43 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் தூண்டப்படுகின்றன. மிளகாயின் காரத்தை 'எரிச்சல்' என உணர்த்துவதும் அதே ஏற்பிதான். அதனைக் கண்டறிந்த டேவிட் ஜூலியசுக்கு 2021-இல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. உரோம நீக்கத்தில் தோலின் மேற்பரப்பைக் குளிர்ந்த முனையாலோ குளிர்காற்றாலோ குளிர்விப்பதால் இவ்வெரிச்சல் பெரிதும் தணிகிறது. ஒவ்வொரு துடிப்பும் ரப்பர் பட்டையைச் சூடாக்கித் தோலின்மேல் சுண்டியது போலிருக்கும், உடனே அடங்கும். கருமையும் தடிப்பும் அடர்த்தியும் உள்ள இடங்களில் அதிகம் நோகும். அக்குளும் மேலுதடும் இவ்வகையின. ஆனால் ஒவ்வோர் அமர்விலும் உரோமம் மெலிந்து அருகுவதால் ஒளியை உறிஞ்சும் பொருள் குறைகிறது, நோவும் குறைகிறது. சிகிச்சைக்குப்பின் சில மணி நேரம் சிவப்பும் இலேசான வீக்கமும் இருந்து மறைவதே வழக்கம்.

பச்சை நீக்கத்தில் அவ்வாறன்று. சூடான எண்ணெய் தெறித்தாற்போன்ற கூரிய நோவு அப்போதைக்கு உண்டாகும். அதன்பின் வீக்கம், சில சமயம் கொப்புளம், புள்ளிபுள்ளியாக இரத்தக் கசிவு, பொருக்கு ஆகியன தொடரும். பொருக்கு உதிர ஒன்றிரண்டு வாரங்கள் செல்லும். மை மங்க மங்க மருத்துவர் ஆற்றலை உயர்த்த நேர்வதால், பிற்கால அமர்வுகளில் நோவு குறையுமென உறுதி கூறவியலாது. ஒன்று மட்டும் பச்சைக்குச் சாதகமானது. முன்கையில் உள்ள சிறிய பச்சைக்குச் சில நிமிடங்களே போதும். கால்கள் இரண்டிலும் உரோமம் நீக்குவதற்கோ பன்மடங்கு நேரமாகும். ஒரு துடிப்பின் நோவையும் ஓர் அமர்வின் மொத்தத் துன்பத்தையும் வெவ்வேறாக எண்ணிப் பார்ப்பதே நேர்மையான ஒப்பீடு.

பாட்டிமாரின் பச்சையைப் பற்றி இங்கு ஒன்று கூறுதல் தகும். குறவர் இனப் பெண்கள் பச்சை குத்தும் முறையை எட்கர் தர்ஸ்டன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விவரித்துள்ளார். மஞ்சளும் அகத்தியிலையும் அரைத்துத் துணியில் வைத்துத் திரியாக்கி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரித்து, புதுச் சட்டியில் படிந்த கரியைச் சுரண்டி எடுத்து மை கூட்டினர். ஆக, 'பச்சை' எனப் பெயர் பெற்றது உண்மையில் கரியே. தோலின் அடித்தளத்தில் உள்ள கருமை மேலிருந்து நோக்குகையில் ஒளிச்சிதறலால் நீலம் கலந்த பசுமையாகத் தோன்றுகிறது. கரி எல்லா நிற ஒளியையும் உறிஞ்சுவதால், கையால் குத்திய பழைய பச்சை லேசருக்கு எளிதில் இணங்கும். கடைகளில் குத்தும் பல நிறப் பச்சைகளே தொல்லை தருவன. மஞ்சள் நிறம் எளிதில் மறையாது. வெள்ளை, தோல்நிறம் முதலிய மைகள் லேசர் பட்டவுடன் கறுத்துப்போதலும் உண்டு.

நொறுங்கிய துகள்களை உடலின் விழுங்கணுக்கள் சிறிது சிறிதாக அகற்ற வேண்டும். சில துகள்கள் நிணநீர் வழியே செல்கின்றன. 2018-இல் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் எலிகளில் நடத்திய ஆய்வில், மையை ஏந்திய விழுங்கணு இறக்கும்போது அதனைப் புதியதோர் அணு மீண்டும் விழுங்கிவிடுவது தெரியவந்தது. பச்சை அழியாதிருப்பதன் மர்மம் இதுவே. இதனாற்றான் அமர்வுகளுக்கிடையே ஆறு முதல் எட்டு வாரம் வரை காத்திருக்க நேர்கிறது. உரோம நீக்கத்திலும் பல அமர்வுகள் தேவை, காரணம் வேறு. வளரும் பருவத்திலுள்ள உரோமமே தாக்குறும். உறங்கும் வேர்கள் பின்னர் விழித்தெழும்.

எல்லைப் பகுதி மக்களுக்கு இவ்விடத்தில்தான் உண்மையான இடர் தோன்றுகிறது. ஒவ்வோர் அமர்வுக்கும் போடிமெட்டு வழியாகவோ கம்பம் வழியாகவோ தேனிக்கு இறங்குவதும், வாளையாறு கடந்து கோயமுத்தூர் செல்வதும் கொழுந்து பறிப்பவருக்கு ஒருநாட் கூலியை இழப்பதாகும். இரண்டாம் அமர்வோடு நின்றுவிட்டால் நோவு மட்டும் மிஞ்சி, பச்சை பாதியில் நிற்கும். அமர்வுகளின் எண்ணிக்கையையும் மொத்தச் செலவையும் முதலிலேயே கேட்டறிந்துகொள்ளச் செய்வது களப்பணியாளரின் தலையாய உதவி. 2009-இல் வெளியான கிர்பி–தேசாய் அளவுமுறை, தோலின் நிறம், பச்சை உள்ள இடம், மையின் அளவு, நிறங்கள், தழும்பு ஆகியவற்றைக்கொண்டு இவ்வெண்ணிக்கையை மதிப்பிட வகைசெய்கிறது.

வெயிலும் கணக்கில் சேரும். நம் மக்களின் கருமையான மேல்தோலில் மெலனின் மிகுதி. அதுவும் ஒளியை உறிஞ்சும். வெயிலில் மேலும் கறுத்த தோல் கூடுதலாக நோகும்; வெந்து புண்ணாகிக் கரும்படலமோ வெண்படலமோ விடக்கூடும். பாலக்காட்டின் கிழக்குப் பகுதி கடும் வெயிலுக்குப் பெயர் பெற்றது. மூணாறு குளிர்ந்த இடமெனினும், சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் சமவெளியைவிட அங்கு புற ஊதாக் கதிர் மிகுதி. குளிரை நம்பி ஏமாறலாகாது. சிகிச்சைக்கு முன்னும் பின்னும் சில வாரங்கள் நீண்ட கையுள்ள சட்டை அணிவது மலிவான காப்பு. கருந்தோலுக்கு 1,064 நானோமீட்டர் அலைநீளமுள்ள லேசர் ஒப்பீட்டளவில் பாதுகாப்பானது. அது மேல்தோலின் மெலனினால் குறைவாக உறிஞ்சப்பட்டு ஆழமாகச் செல்லும்.

நோவைத் தணிக்க லிடோகெயின், பிரைலோகெயின் கலந்த களிம்பைத் தடவி, மூடி, ஏறத்தாழ ஒரு மணி நேரம் காத்திருப்பர். இக்களிம்பைத் தாமே வாங்கி இரு கால்கள் முழுவதும் பூசிக்கொள்வது ஆபத்தாகும். மிகுதியாக உட்புகுந்தால் இரத்தம் உயிர்வாயுவைச் சுமக்கும் திறன் குன்றும், இதயத்துடிப்பும் சீர்கெடும். உரோம நீக்கத்துக்கு வருவோர் சில வாரங்களுக்கு முன்பே நூலால் பறிப்பதையும் மெழுகால் பிடுங்குவதையும் நிறுத்த வேண்டும். வேர் இல்லையேல் இலக்கும் இல்லை. மழித்துக்கொள்ளலாம்; மழிக்காவிடில் வெளியே நீண்ட உரோமம் தோலின்மேலேயே கருகி வீணே சுடும். பட்டாசு வெடித்துத் தோலில் கருமருந்து புகுந்த அடையாளங்களுக்கு லேசர் செலுத்துமுன் மருத்துவர் அதனை அறிந்திருப்பது இன்றியமையாதது. எஞ்சிய மருந்து தோலினுள்ளேயே தீப்பற்றக்கூடும்.

மாணவியரின் முகவுரோமத்தைப் பொறுத்தவரை, லேசருக்கு முன் வினவ வேண்டியது மாதவிடாய் ஒழுங்காக உள்ளதா என்பதாம். சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு அடிப்படையாக இருப்பின் அதற்கு மருத்துவம் செய்யாமல் உரோமத்தை மட்டும் நீக்கினால் மீண்டும் வளரும். அன்றியும் சிலருக்கு, குறிப்பாக முகத்தில், ஒளிசிகிச்சைக்குப்பின் அயலிடத்தில் உரோமம் மிகுதலும் பதிவாகியுள்ளது.

ஆள்சேர்ப்புக்குச் செல்லும் இளைஞர் சிலர் இந்நோவுக்கும் செலவுக்கும் அஞ்சி, அமிலம், சுண்ணாம்பு, எருக்கம்பால், சேங்கொட்டை ஆகியவற்றை நாடுகின்றனர். இவை தோலை ஆழமாக வேகவைத்துத் தடித்த தழும்பை நிறுத்துகின்றன. லேசரின் சில நிமிட நோவுக்கு அஞ்சியவர் பல வார நோவைத் தேடிக்கொள்கின்றனர். அதற்குமுன், பச்சையை நீக்கியே ஆக வேண்டுமா என்பதையும் பார்க்க வேண்டும். இந்திய ராணுவ விதி முன்கையின் உட்புறத்திலும் புறங்கையிலும் உள்ள பச்சையை ஏற்கிறது. பழங்குடியினரின் மரபுப் பச்சைக்கும் இடமளிக்கிறது. மத்திய ஆயுதக் காவற்படைகளின் விதி இதனினும் வேறு. அங்கு இடதுகை, வலதுகை என்ற பேதமும் பச்சையின் அளவும் நோக்கப்படும். அவ்வவ்வாண்டின் அறிவிக்கையைப் படித்துப் பார்த்தபின் சிகிச்சைக்குப் புறப்படுவதே முறை. புறப்படுவதாயின் தேர்வு நாளுக்கு ஓர் ஆண்டுக்கேனும் முன்னதாகத் தொடங்குதல் வேண்டும்.