சிக்னல் இல்லாத கடலுக்குள் புயல் எச்சரிக்கை போவது எப்படி? காசிமேட்டு மீனவர்களின் கேள்விக்கு சாஃப்ட்வேர் டீம்கள் தேடிய விடை!

காசிமேட்டிலிருந்து கிளம்பும் பெரிய விசைப்படகுகள் நாள்கணக்கில் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கும். ஆனால், கரையிலிருந்து 10, 12 கிலோமீட்டர் தாண்டினாலே செல்போன் சிக்னல் போய்விடும். அதற்குப் பிறகு புயல் கிளம்பினால், அவர்களுக்கு யார் சொல்வது?

இது வானிலைத்துறையின் பிரச்னை போலத் தெரிந்தாலும், பாதி சாஃப்ட்வேர் பிரச்னைதான். ஐ.டி-யில் இதை 'ஆர்க்கிடெக்சர்' என்பார்கள். எந்த வேலை சர்வரில் நடக்கணும், எது போனில் நடக்கணும், நடுவில் இணைப்பு அறுந்தால் என்ன செய்வது... இதையெல்லாம் புரோகிராம் எழுத உட்காரும் முன்பே டீம் லீடர் முடிவு செய்தாக வேண்டும்.

1990-களின் இறுதியில் புதுச்சேரி வீராம்பட்டினத்தில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் செய்த ஏற்பாடு ரொம்ப எளிமையானது. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரக் கணிப்பை எடுத்து, தமிழில் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். மீனவர் கையில் கருவி வேண்டாம், படிக்கத் தெரிய வேண்டாம். ஆனால், ஸ்பீக்கர் சத்தம் கரையோடு சரி!

அடுத்து அதே நிறுவனம், குவால்காம் உள்ளிட்டவர்களோடு சேர்ந்து 'ஃபிஷர் ஃப்ரெண்ட்' என்ற செல்போன் செயலியைக் கொண்டுவந்தது. அலை, காற்று, மீன் விலை எல்லாம் தமிழில் கைக்கு வந்தன. ஆனால், புதுத் தகவல் வர சிக்னல் வேண்டுமே!

2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் குமரி மாவட்டத்தைத் தாக்கியபோது, ஏற்கெனவே ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. பலர் திரும்பவே இல்லை.

2019 அக்டோபரில் அறிமுகமானது 'ஜெமினி' கருவி. விமானங்களுக்கு வழிகாட்ட உருவான 'ககன்' செயற்கைக்கோள் வசதி வழியாகவே எச்சரிக்கையை அனுப்பும் திட்டம் இது. ஹைதராபாத்தின் இன்காய்ஸ் மையம் தகவலைத் தருகிறது. செயற்கைக்கோள் வசதி விமான நிலைய ஆணையத்துடையது. கருவியைச் செய்தது பெங்களூரு அக்கார்டு நிறுவனம். படகில் இருக்கும் பெட்டி செய்தியை வாங்கி, புளூடூத்தில் போனுக்குத் தள்ளும். போனிலுள்ள செயலி அதை ஒன்பது மொழிகளில் காட்டும்.

இதில் கெட்டிக்காரத்தனமே, பெட்டியில் தனியாகத் திரை வைக்காததுதான். அந்த வேலைக்கு மீனவரின் பாக்கெட்டில் ஏற்கெனவே ஒரு போன் இருக்கிறதே! மொழி வேலை முழுக்கச் செயலியில் இருப்பதால், இன்னொரு மொழியைச் சேர்க்க செயற்கைக்கோளைத் தொட வேண்டியதில்லை. மூன்று தரப்பு சேர்ந்து செய்யும் வேலையில், யாருடைய எல்லை எங்கே முடிகிறது என்பது தெளிவாக இருந்தால்தான் இது சாத்தியம்.

ஆனாலும் ஒரு பெரிய குறை. ஜெமினி ஒருவழிப்பாதை. கேட்கும், பேசாது. படகு கவிழும் நிலையில் இருந்தால்கூட அதை வைத்து உதவி கேட்க முடியாது.

உதவி கேட்பதற்கென்று இஸ்ரோவின் ஆபத்துக்கால டிரான்ஸ்மிட்டர் 2010 முதலே இருந்தது. அதுவும் ஒருவழிதான், எதிர்த்திசையில்! பட்டனை அழுத்திவிட்டு, செய்தி போனதா இல்லையா என்று தெரியாமல் நடுக்கடலில் காத்திருக்க வேண்டும். 2024 ஜனவரியில் வந்த இரண்டாம் தலைமுறைக் கருவியில்தான் பதில் அனுப்பும் வசதி சேர்ந்தது. கரையிலுள்ள மையத்துக்குச் செய்தி கிடைத்ததும் ஒப்புதல் திரும்பிப் போகும். புளூடூத்தில் இணைத்த போனில், அதைச் சொந்த மொழியிலேயே படித்துக்கொள்ளலாம்.