டாங்கிளுக்கு ரீசார்ஜ்: டாப்-அப் வேறு, டேட்டா வவுச்சர் வேறு

டாங்கிளுக்கு "ஒரு ரீசார்ஜ் போடுங்க" என்று கடையில் மொட்டையாகச் சொல்லாதீர்கள். டிராயின் 2012 விதிகளில் டாப்-அப் வேறு, சிறப்புக் கட்டண வவுச்சர் வேறு. முதலாவது கணக்கில் ஏறும் பணம். டேட்டா பேக் இரண்டாவதில்தான் வரும். டாப்-அப் மட்டும் போட்டுவிட்டு நெட்டைத் திறந்தால் அடிப்படைக் கட்டணத்தில் பணம் மளமளன்னு கரைஞ்சிடும்.

எனக்கு ஒருமுறை பேசுவதற்கான நிமிட வவுச்சரைப் போட்டுவிட்டார் கடைக்காரர். டாங்கிளில் யாரோடு பேசுவது? "ஏறிடுச்சு சார், ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். சிம்மைக் கழற்றி போனில் போட்டு 198-ஐ அழைத்தேன், புகார் எண் வாங்கினேன். மறுத்தார்கள். மேல்முறையீட்டுக்கு 30 நாள் அவகாசம், கட்டணம் கிடையாது. ரீசார்ஜ் குறுஞ்செய்தியை இணைத்து, ஒரு நிமிடம்கூடப் பயன்படுத்தவில்லை என்று எழுதினேன். பணம் திரும்ப வந்தது, டாப்-அப்பாக! அதிலிருந்தே பேக் போட்டுக்கொண்டேன்.