சுவருக்குச் சட்டை

ஐஸ் போட்ட ஜலத்தைக் கண்ணாடித் தம்ளரில் ஊற்றி வைத்தால், சற்று நேரத்துக்கெல்லாம் தம்ளரின் வெளிப்புறம் முத்து முத்தாக வியர்த்து விடுகிறது. தம்ளரில் ஓட்டை ஏதுமில்லை. காற்றில் கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருந்த ஆவிதான், குளிர்ந்த கண்ணாடியைத் தொட்டதும் நீராகிவிட்டது. பனித்துளியும் இவ்விதமே உண்டாகிறதென்று லண்டன் வைத்தியரான வில்லியம் சார்லஸ் வெல்ஸ் 1814ஆம் வருஷத்திலேயே ஒரு நூலில் விளக்கிவிட்டார். இவ்வளவு பழைய உண்மையை மறந்து, இன்றும் அநேகர் நல்ல வீட்டைக் கெடுத்துக் கொள்கிறார்களே என்பதுதான் நமக்கு விந்தையாயிருக்கிறது.

இங்கிலாந்தில் வீட்டை ஒட்டினாற்போல் கார் ஷெட் இருப்பது சகஜம். இடநெருக்கடி காரணமாகப் பலர் காரைத் தெருவில் நிறுத்திவிட்டு, ஷெட்டை அறையாக மாற்றிக் கொள்கிறார்கள். அதில் வயதான தாயாரைக் குடியமர்த்துவோரும் உண்டு. பிள்ளைகளுக்குப் படிப்பறையாக்குவோரும் உண்டு. ஆனால் ஷெட்டின் சுவர் பெரும்பாலும் ஒற்றைச் செங்கல் வரிசை; கனம் சுமார் 4 அங்குலந்தான். காருக்குக் குளிராது, மனிதருக்குக் குளிருமல்லவா?

ஆகவே, சுவரின் உட்புறத்தில் வெப்பக் காப்புப் பலகைகளை நேராக ஒட்டி மூடிவிடுகிறார்கள். அறை கதகதப்பாகிறது, எல்லோருக்கும் பரம திருப்தி. பலகைக்குப் பின்னால் நடப்பதை யார் பார்க்கிறார்கள்? அறையின் சூடு இனி எட்டாததால், செங்கல் முன்னைவிட அதிகமாகக் குளிர்ந்து விடுகிறது. 20 டிகிரி வெப்பமுள்ள அறைக் காற்றில் ஈரப்பதம் 60 சதவீதம் இருந்தால், 12 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் படியும். சமையல், குளியல், உலரும் துணி, நாம் விடும் மூச்சு எல்லாவற்றிலிருந்தும் எழும் ஆவி, இடுக்குகளின் வழியே பின்புறம் போய் அந்தச் செங்கல்லின்மேல் வியர்க்கிறது. வெளியிலிருந்து மழை வேறு ஊறுகிறது. நாளடைவில் மரச்சட்டம் மக்குகிறது, பூஞ்சணம் பூக்கிறது.

பூஞ்சணத்தை அற்பமாக எண்ணலாகாது. 2020ஆம் வருஷம் ராச்டேல் நகரில், வாடகை வீடொன்றில் இரண்டு வயதுக் குழந்தை இறந்தது. நெடுநாள் பூஞ்சணத்தின் நடுவே வாழ்ந்ததே காரணமென்று 2022இல் மரண விசாரணை முடிவு கூறிற்று. அது கார் ஷெட் அறையன்று. ஆயினும் பூஞ்சணத்துக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது.

பின் செய்யத் தக்கது யாது? முதலில் வெளி ஈரத்தைத் தடுக்க வேண்டும். ஒழுகும் கூரைத் தாழ்வாரக் குழாயைச் செப்பனிட வேண்டும். தரை ஈரம் மேலேறாமல் தடுக்கும் படலத்துக்கு 6 அங்குலமாவது கீழே வெளிமண் இருக்க வேண்டும். பிறகு, செங்கல்லைத் தொடாமல் 2 அங்குலம் இடைவெளி விட்டு, உள்ளே தனியாக மரச்சட்டம் நிறுத்த வேண்டும். அந்த இடைவெளியில் வெளிக்காற்று உலவும்படி சுவரின் அடியிலும் மேலும் துவாரங்கள் தேவை. சட்டங்களுக்கு நடுவே காப்புப் பொருளை நிரப்பி, அறைப்பக்கத்தில் பாலித்தீன் தாளை விரித்து, மூட்டுகளை நாடாவால் நன்றாக ஒட்டிய பின்பே ஜிப்ஸம் பலகையை அறைய வேண்டும். அறையிலேயே ஆவி தங்கிவிடாதபடி காற்றோட்டமும் வைக்க வேண்டும். இதனால் அறையில் சில அங்குலம் குறையும், குறைந்தால் குறையட்டும்! இடம் போதாதென்றால், காப்பைச் சுவரின் வெளிப்புறத்திலேயே போர்த்திப் பூசலாம். அப்போது செங்கல்லும் கதகதப்பாயிருக்கும்.

இந்த ஏற்பாட்டைச் சென்னையில் அப்படியே காப்பியடிக்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. குளிர்நாட்டில் ஆவி உள்ளிருந்து வெளியே போகிறது. ஏர்கண்டிஷன் செய்த நம் ஊர் அறையிலோ, புழுக்கமான வெளிக்காற்றின் ஆவி உள்ளே வருகிறது. தாளை அங்கே போல் உட்புறத்தில் விரித்தால், அதன் முதுகிலேயே வியர்த்துவிடும்.

சுவருக்குச் சட்டை தைப்பதற்கு முன், வியர்வை எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதென்று பார்த்துக் கொள்வது நல்லது. தம்ளர் சொல்லும் பாடம் அவ்வளவே.