மூன்று டிப்ளோமா சேர்ந்தால் ஒரு பட்டமா?

யுத்தத்தால் உயர்தரம் குழம்பி, பிறகு டிப்ளோமாக்களாகப் படித்துச் சேர்த்தவர்கள் முதுமாணிக்கு விண்ணப்பிக்கும்போது என்னிடம் கேட்பது இதைத்தான். ஆகாது என்பதே பதில்.

இலங்கைத் தகைமைகள் கட்டமைப்பில் டிப்ளோமா 3ஆம் மட்டம். குறைந்தது 30 கிரெடிட். உயர் டிப்ளோமா 4ஆம் மட்டம், 60. மூன்றாண்டுப் பட்டம் 5ஆம் மட்டம், 90. மூன்று டிப்ளோமாக்களைக் கூட்டினால் 90 வரும். ஆனால் மட்டம் 3இலேயே நிற்கும். முதுமாணிக்கு 5ஆம் மட்டம் தேவை.

படித்தது வீண் இல்லை. உயர் டிப்ளோமாவைக் கணக்கில் எடுத்து, மீதிப் பாடங்களை முடித்தால் பட்டம் தரும் கற்கைநெறிகள் உள்ளன. தொழிற்பயிற்சி வழியில் வந்தவர்களுக்கு என்.வி.கியூ. 7 என்பது 5ஆம் மட்டத்துக்குச் சமம்.

காசு கட்டமுன் இரண்டைக் கேளுங்கள். இந்தப் பட்டம் எத்தனையாம் மட்டம்? பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு இதை அங்கீகரிக்கிறதா? வெளிநாட்டுப் பட்டத்துக்கும் இரண்டாவது கேள்வி பொருந்தும். முகவரின் வாய்ப்பேச்சு போதாது. ஆணைக்குழுவிடமும், முதுமாணிக்குச் சேர விரும்பும் பல்கலைக்கழகத்திடமும் எழுத்தில் பதில் வாங்குங்கள். பழைய பாடத்திட்டங்களையும் பெறுபேற்றுத் தாள்களையும் எறியாதீர்கள்; பாடவிலக்குக் கேட்கும்போது அவைதான் சான்று.