மூளைக்கும் சிறுநீர்ப்பைக்கும் இடையிலான நீண்ட பாதை

தியாகராய நகருக்குத் துணி எடுக்கச் செல்லும் நாளில் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை என்று மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் உள்ள பெண்கள் பலர் என்னிடம் கூறியிருக்கிறார்கள். அதையும் எளிதில் கூறுவதில்லை. பார்வை, நடை, கை மரத்துப்போதல் ஆகியவற்றை விரிவாகச் சொல்லிவிட்டு, விடைபெற்றுக் கதவருகே சென்ற பின்னர், "டாக்டர், இன்னொன்று கேட்க வேண்டும்" என்று தயங்குவார்கள். ஆண்கள் அதுவும் கேட்பதில்லை, மனைவிதான் சொல்வார்.

இது வயதின் கோளாறுமன்று, மன உறுதிக் குறைவுமன்று. சிறுநீர்ப்பை நிரம்ப நிரம்ப, அச்செய்தி தண்டுவடத்தின் அடிப்பகுதியில் நுழைந்து மூளை வரை ஏறுகிறது. மூளைத்தண்டில் 'பான்ஸ்' என்னும் பகுதியில் சிறுநீர் கழிப்பதற்கான விசை இருப்பதை, பாரிங்டன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1925-இல் பூனைகளிடம் செய்த ஆய்வில் காட்டினார். அவ்விசையை இப்போது அழுத்தலாமா, கூடாதா என்று முடிவு செய்வது நெற்றிக்குப் பின்னுள்ள முன்மூளை. அடையாற்றில் பேருந்து ஏறியவர் மயிலாப்பூர் வந்து சேரும்வரை அடக்கிக்கொள்ள முடிவது இதனால்தான். அனுமதி கிடைத்ததும் பையின் தசை சுருங்கும். அதே நொடியில் வாயிலில் உள்ள சுருக்குத்தசை தளரும்.

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயில் உடலின் எதிர்ப்பாற்றலே நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மயலின் உறையைத் தாக்குகிறது. மூளையிலிருந்து தண்டுவடத்தின் அடிவரை செல்லும் பாதை நீண்டது; அதில் எங்கு தழும்பு விழுந்தாலும் கட்டளை தடுமாறும். கால்களுக்குச் செல்லும் நரம்பிழைகளும் அதே தண்டுவடத்தின் வழியாகவே இறங்குவதால், நடை தளர்ந்தவர்களிடம் இத்தொல்லை மிகுதி.

தடுமாற்றம் இரு வகைப்படும். ஒன்றில், சிறிதளவு சேர்ந்ததுமே பை தானாகச் சுருங்கும். மற்றொன்றில், பை முழுமையாகக் காலியாவதில்லை. சில வேளைகளில் பை சுருங்கும்போதே வாயில் தசையும் இறுகிக்கொள்ளும். இரண்டும் ஒருவருக்கே சேர்ந்து வருவதும் உண்டு. நோயாளிக்கோ எல்லாம் ஒன்றுபோலவே தோன்றும்: அடிக்கடி, அவசரமாக. ஆகவேதான் அண்டை வீட்டாருக்குப் பயன்பட்ட மாத்திரையை நீங்கள் வாங்கி உண்ணக் கூடாது. பையை அமைதிப்படுத்தும் மருந்து, காலியாகாத பையை மேலும் தேங்க வைக்கும். சிறுநீர் கழித்த உடனே எடுக்கப்படும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன், எவ்வளவு மீந்துள்ளது என்று காட்டிவிடும். வலியில்லாத, சில நிமிடச் சோதனை.

மீதம் 100 மில்லிலிட்டருக்கு மேல் தொடர்ந்து இருந்தால், மெல்லிய குழாயைத் தாமே செலுத்தி வடித்துக்கொள்ளும் முறையைப் பெரும்பாலும் பரிந்துரைக்கிறோம். கேட்டதும் அஞ்சாதவர் இல்லை. ஆனால், அறுவை அரங்கின் கிருமியற்ற நிலை இதற்குத் தேவையில்லை, தூய்மையான கைகளே போதும் என்று அமெரிக்க மருத்துவர் லாபிடஸ் 1972-இலேயே எடுத்துக்காட்டினார். செவிலியர் கற்றுத்தருவார், பழகிய பின் சில நிமிட வேலைதான்.

இனித் தண்ணீருக்கு வருவோம். குடிப்பதைக் குறைத்தால் சிறுநீர் அடர்ந்து பையை மேலும் உறுத்தும், மலச்சிக்கல் கூடும், கிருமித்தொற்றுக்கும் வழி பிறக்கும். தொற்றினால் காய்ச்சல் வந்தால், உறையிழந்த நரம்புகள் அச்சூட்டில் இன்னும் மந்தமாகும். கத்திரி வெயிலில் கால்கள் துவள்வதும் இதே காரணத்தால்தான். உடலை வருத்தியபின் பார்வை தற்காலிகமாக மங்குவதை, ஊட்டாஃப் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1890-இலேயே குறித்துள்ளார். திடீரென்று கால் வலுவிழந்ததும் நோய் மீண்டும் தாக்கிவிட்டதென்று குடும்பத்தினர் கலங்குவர். ஸ்டீராய்டு ஊசி பற்றி முடிவெடுக்கும் முன் சிறுநீர்ப் பரிசோதனை செய்தே ஆகவேண்டும். தொற்று நீங்கியதும் கால் மீண்டு வந்தவர்கள் பலர்.

இதய, சிறுநீரக நோய் இல்லாதவர்கள் நாளொன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர், கோடையில் இன்னும் சற்று அதிகம், பகல் முழுவதும் பிரித்துப் பருகலாம். காபி பையைத் தூண்டும். மயிலாப்பூர்க்காரர்களிடம் ஃபில்டர் காபியை விடச் சொல்லும் துணிவு எனக்கில்லை. ஒரு வேளையோடு நிறுத்துங்கள் என்கிறேன்.

மாத்திரைகள் சிலவற்றால் வாய் உலரும், முதியோருக்கு மறதியும் கூடலாம். அப்படியானால் தெரிவியுங்கள், மாற்று உண்டு. மாத்திரை பயன் தராதோர்க்குப் பையின் சுவரிலேயே போட்டாக்ஸ் ஊசி போடுகிறோம். பல மாதங்கள் பலன் நீடிக்கும். அதன்பின் சிலருக்கு வடிகுழாய் தேவைப்படலாம் என்பதை முன்னரே சொல்லிவிடுகிறோம்.

உடன் இருப்போர்க்கு ஒன்று. "இப்போதுதானே போய் வந்தாய்?" என்று கேட்காதீர்கள். மார்கழிக் கச்சேரிக்கு அழைத்துச் சென்றால் ஓரத்து இருக்கையைப் பிடித்துக்கொடுங்கள்.

அடுத்த முறை வரும்போது மூன்று நாள் குறிப்பொன்று எழுதி வாருங்கள்: எப்போது, எவ்வளவு பருகினீர்கள், எப்போது, எவ்வளவு கழித்தீர்கள், எப்போது கசிந்தது. அளக்கப் பழைய பிளாஸ்டிக் குவளை ஒன்று போதும். அத்தாளை அமர்ந்தவுடனே என் மேசைமேல் வைத்துவிடுங்கள்.