லிஃப்ட் தூக்கலையா? பம்பைக் கழட்டுறதுக்கு முன்னாடி இதைக் கேளுங்க

இன்னைக்கு டீபக் பண்ணப்போறது கோடு இல்ல, ஒரு பழைய டிராக்டர். 1946-லிருந்து 1956 வரை இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் தயாரான ஃபெர்குசன் டிஇ20. இப்போ நம்ம ஊர் வயல்ல ஓடுற மாஸி ஃபெர்குசனுக்கெல்லாம் இது தாத்தா.

லிஃப்ட் வேலை செய்யலைன்னா முதல் கேள்வி: எந்த மாதிரி வேலை செய்யல?

சுத்தமா தூக்கலையா? பிடிஓ லிவரைப் பாருங்க. இந்த வண்டியில் ஹைட்ராலிக் பம்ப் பிடிஓ ஷாஃப்ட்டில்தான் ஓடுது. லிவர் போடலைன்னா பம்ப் சுத்தாது. கிளட்ச்சை மிதிச்சாலும் நின்னுடும். அடுத்தது ஆயில் அளவு. கியருக்கும் லிஃப்ட்டுக்கும் ஒரே ஆயில்தான். பால் மாதிரி வெளுத்திருந்தா தண்ணி கலந்திருக்கு, மாத்தணும்.

வெறுமனே தூக்குது, கலப்பை மாட்டினா திணறுதா? அப்போ அழுத்தம் பத்தலை. பம்ப் வால்வு தேய்ஞ்சிருக்கலாம், இல்லன்னா ரிலீஃப் வால்வு சீக்கிரமே திறந்துக்கலாம்.

நல்லா தூக்குது, இன்ஜினை நிறுத்தினதும் மெல்ல இறங்குதா? அப்போ தேக்கி வெச்ச ஆயில் உள்ளுக்குள்ள எங்கேயோ கசியுது. சிலிண்டர், பிஸ்டன் ரிங், வால்வுன்னு ஒவ்வொண்ணா பாருங்க.

ஒண்ணு மட்டும் மறக்காதீங்க. ஆயில் தூக்கத்தான் செய்யும். இறக்குறது கலப்பையோட எடைதான். லிவர்ல கை பட்டாலே போதும், கீழே வந்துடும். அதனால தூக்கின கலப்பைக்கு அடியில் யாரும் போகக் கூடாது. தரையில் இறக்கி வெச்சுட்டு ஸ்பேனரை எடுங்க.