ஊர் மாறியவருக்கு வாக்கு உண்டா?

பிழைப்பின் பொருட்டு மாநிலம் விட்டு மாநிலம் வந்து குடியேறிய நம்மவர் அறிந்துகொள்ள வேண்டிய பகுதி ஒன்று அமெரிக்கத் தேர்தல் முறையில் உண்டு. குடியரசுத் தலைவர் தேர்தலின் ஆரவாரத்தைச் செய்தித்தாள்கள் பக்கம் பக்கமாக எழுதிவிடுகின்றன, அதனை விடுவோம். புதிதாக ஓர் ஊருக்கு வந்து சேர்ந்தவர் அங்கே எப்போது வாக்காளர் ஆகிறார் என்பதே நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

மக்களவைக்கும் சட்டமன்றங்களுக்கும் நம் நாட்டில் தேர்தல் ஆணையம் ஒன்று. பட்டியலுக்கான சட்டமும் ஒன்று. அமெரிக்காவில் அவ்வாறன்று. தேர்தலை நடத்துவது மாநிலங்களின் பொறுப்பு. ஆகவே ஐம்பது மாநிலங்களுக்கும் தனித்தனி விதிகள். வட டகோட்டாவில் வாக்காளர் பதிவு என்ற ஏற்பாடே கிடையாது!

இந்த அதிகாரத்தைக் கொண்டு சில மாநிலங்கள் வேலி எழுப்பின. நிறத்தைக் காட்டி வாக்குரிமையை மறுக்கலாகாது என்று 1870-லேயே அரசியல் சட்டத் திருத்தம் வந்துவிட்டது. ஆயினும் 1890-இல் மிசிசிப்பி இயற்றிய அரசியல் சட்டம், மாநிலத்தில் ஈராண்டும் தம் வட்டாரத்தில் ஓராண்டும் வாழ்ந்தவரே வாக்களிக்கலாம் என்றது, தலைவரியும் கேட்டது. பார்வைக்குப் பொது விதிதான். ஆனால் சொந்த நிலமின்றி, அறுவடை முடிந்ததும் வேறொரு பண்ணைக்கு வாரத்துக்குப் போகும் கறுப்பின உழவர் எங்ஙனம் ஓராண்டுக் கணக்குக் காட்டுவார்? எழுத்தறிவுத் தேர்வை 1965-ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம் முறித்தது. தலைவரியும் 1964-இலும் 1966-இலும் ஒழிந்தது. குடியிருப்புக் காலம் என்ற வேலி மட்டும் பல மாநிலங்களில் நின்றது.

டெக்சாசில் இன்னும் வேடிக்கை. படைப் பணியிலிருக்கும்போது அம்மாநிலத்தில் குடியேறியவர், பணியிலிருக்கும் வரையில் அங்கே வாக்களிக்க இயலாது. எல் பாசோவில் வீடு வாங்கி வரியும் செலுத்திவந்த கேரிங்டன் என்ற படைவீரர் வழக்காடினார். எப்படி வாக்களிப்பார்களோ என்ற அச்சத்தால் ஒரு பிரிவினரை விலக்கிவைத்தல் தகாது என்று 1965-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது.

அடுத்த வழக்கு டென்னசியில் எழுந்தது. ஜேம்ஸ் புளூம்ஸ்டைன் 1970 ஜூனில் நாஷ்வில் நகருக்கு வந்தார். வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் சட்டம் கற்பிப்பது அவர் பணி. ஜூலை முதல் நாளன்று பெயரைப் பதியச் சென்றார். மாநிலத்தில் ஓராண்டும் மாவட்டத்தில் மூன்று மாதமும் ஆகவில்லை என்று மறுத்துவிட்டனர். சட்ட ஆசிரியரிடமே சட்டத்தைக் காட்டிய அலுவலரின் துணிவை மெச்சத்தான் வேண்டும்!

மாநிலம் இரண்டு காரணங்கள் கூறியது: கள்ள வாக்கைத் தடுக்க வேண்டும், உள்ளூர் விவகாரம் அறிந்தவரே வாக்களிக்க வேண்டும். உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியான தர்குட் மார்ஷல் 1972 மார்ச்சில் தீர்ப்பெழுதினார். இங்கே வசிக்கிறேன் என்று பொய்யாணையிடத் துணிந்தவன், ஓராண்டாக வசிக்கிறேன் என்று சொல்லவும் தயங்கமாட்டான். ஆகவே அந்த விதி கள்ளனைப் பிடிப்பதில்லை, மெய்யாகக் குடிவந்தவரையே பிடிக்கிறது என்பது அவர் வாதத்தின் சாரம். அறிவுக்கும் ஆண்டுக்கணக்கு அளவுகோலாகாது என்றார். பட்டியலைச் சரிபார்க்க முப்பது நாள் போதும் எனக் கருதினார். நமக்கு இதுவே நேர்மையாகப் படுகிறது. பத்தாண்டு ஒரே தெருவில் வாழ்ந்தும் தம் உறுப்பினர் பெயர் அறியாதோர் எந்த ஊரில்தான் இல்லை?

குடியரசுத் தலைவர் தேர்தலுக்கோ 1970-லேயே காங்கிரஸ் வழிசெய்திருந்தது: பதிவு முடிந்தபின் ஊர் மாறியவர் பழைய மாநிலத்திலேயே வாக்களிக்கலாம். நம் சட்டம் 'வழக்கமாக வசிப்பவரா' என்றுதான் கேட்கிறது; இத்தனை மாதம் என்று எண்ணுவதில்லை. இடம் மாறியோர் படிவம் 8 தந்தால் பெயரை மாற்றிக்கொள்ளலாம்.

அமெரிக்காவில் இன்றும் தீராதது ஒன்றுண்டு. போர்ட்டோ ரிக்கோ தீவினர் 1917 முதல் அமெரிக்கக் குடிமக்கள். எனினும் தீவிலிருக்கும் வரை குடியரசுத் தலைவர் தேர்தலில் அவர்களுக்கு வாக்கில்லை. நியூயார்க்கில் குடியேறினால் உரிமை வரும். நியூயார்க்வாசி சான் ஹுவானில் குடியேறினால் போய்விடும். தலைநகர் வாஷிங்டனுக்கே 1961-இல்தான் அவ்வுரிமை கிட்டியது. காங்கிரசில் வாக்குள்ள உறுப்பினர் அதற்கு இன்றும் இல்லை. வரி உண்டு, பிரதிநிதித்துவம் இல்லை என்ற முறையீட்டை அந்நகரத்தார் 2000-ஆம் ஆண்டு முதல் தம் வண்டிகளின் எண் பலகையிலேயே பொறித்து ஓட்டிவருகின்றனர்.